மார்ஷல் நேசமணி: நான்கு தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைத்தவர், வெள்ளறடைக்கு முன்னே நின்றுபோன எல்லை

வெள்ளறடை: நவம்பர் 1, எல்லையோரக் கிராமங்களுக்கு இரட்டைப் பொருள் தரும் நாள். வெள்ளறடையிலும் பாறசாலையிலும் அது கேரளம் பிறந்த நாள். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள களியக்காவிளையிலோ, கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்த நாள். 1956-இல் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. அந்த எல்லைக்கோடு உருவானதில் பெரும்பங்கு வகித்தவர், மக்களால் 'மார்ஷல்' என்று அழைக்கப்பட்ட ஏ. நேசமணி.

நாற்காலியும் முக்காலியும்

விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895 ஜூன் 12 அன்று நேசமணி பிறந்தார். அப்போது அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்ற அவர், 1920-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அக்கால நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும், மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்தன. முதல் நாளிலேயே அந்த முக்காலிகளை உதைத்துத் தள்ளிய நேசமணி, அனைவருக்கும் ஒரே வகை இருக்கை வேண்டும் என்று வாதிட்டதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பின்னாளில் மொழியுரிமைக்காக அவர் நடத்திய போராட்டத்திலும் இந்தச் சமத்துவ வேட்கையே அடித்தளமாக இருந்தது.

கட்சியும் கோரிக்கையும்

1947-இல் இந்தியா விடுதலை பெறும் தறுவாயில், திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அம்முயற்சி தோல்வியுற்று, சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. மக்களாட்சி மலர்ந்தபோது, மலையாளிகளிடையே ஐக்கிய கேரளக் கோரிக்கை வலுப்பெற்றது. ஆட்சிமொழியும் அரசுப் பணியும் தங்களுக்கு எட்டாமல் போகுமோ என்ற அச்சம் தமிழர்களிடையே எழுந்தது.

இந்தச் சூழலில், ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் 1947-இல் இணைந்த நேசமணி, விரைவில் அதன் தலைமை முகமானார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றுடன் நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் சென்னை மாகாணத்துடன் இணைக்க வேண்டும் என்று அக்கட்சி கோரியது. வெள்ளறடை அந்த நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது.

1948 தேர்தலில் அக்கட்சி தமிழ்ப் பகுதிகளில் 14 இடங்களைக் கைப்பற்றியது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி மக்களவைக்குத் தேர்வானார். அதன்பின் இணைப்புக் கோரிக்கை டெல்லியிலும் ஒலித்தது.

ரத்தம் சிந்திய ஆகஸ்ட்

1954 ஜூலையில், தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு ஆதரவாகத் தடையை மீறிய நேசமணியும் அவரது தோழர்களும் மூணாறில் கைது செய்யப்பட்டனர். தென் தாலுகாக்கள் கொந்தளித்தன. ஆகஸ்ட் 11 அன்று கடைப்பிடிக்கப்பட்ட விடுதலை நாளில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர்.

அப்போது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணு பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் அரசு. அந்த அரசு பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே வலியுறுத்தினார். பட்டம் தாணு பிள்ளை மறுத்துவிட்டார். இந்தப் பிணக்கு கட்சியின் பிளவுக்கும் வழிகோலியது. தென்கோடியில் ஒலித்த துப்பாக்கிச் சத்தம் தேசிய அரசியலையே உலுக்கியது.

பாதி வெற்றி

பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க அது பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும், பீர்மேட்டுடன் சேர்ந்து அது கேரளத்துக்கே சென்றது. தாலுகாவை முழு அலகாகக் கொண்டு நோக்கியபோது தமிழர் சிறுபான்மையினராக இருந்த நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நிலைத்தது.

1956 நவம்பர் 1 அன்று முதல் நான்கு தாலுகாக்களைக் கொண்டு கன்னியாகுமரி மாவட்டம் உதயமானது. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. நாகர்கோவிலுக்கு அது வெற்றி விழா. வெள்ளறடையின் தமிழ்க் குடும்பங்களுக்கோ, உறவினர் வேறு மாநிலத்தவராகிப்போன நாள்.

இணைப்புக்குப் பின்

நோக்கம் பெருமளவு நிறைவேறியதையடுத்து, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்திய தேசிய காங்கிரசுடன் இணைந்தது. நேசமணி 1957-இல் கிள்ளியூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். 1962, 1967 தேர்தல்களில் மீண்டும் நாகர்கோவில் மக்களவை உறுப்பினரானார். பதவியில் இருந்தபோதே 1968 ஜூன் 1 அன்று காலமானார். அதனால் நடந்த இடைத்தேர்தலில்தான் 1969-இல் காமராஜர் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

நாகர்கோவிலில் உள்ள மணிமண்டபமும், மார்த்தாண்டத்தில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியும் நேசமணியை நினைவூட்டுகின்றன. நெய்யாற்று நீருக்காக விளவங்கோடு விவசாயிகள் எழுப்பும் குரல், அவர் காலத்தில் வரையப்பட்ட எல்லையின் விளைவுகள் இன்னும் தீரவில்லை என்பதை உணர்த்துகிறது.

எல்லையோரத்துப் பனச்சமூடு சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. வெள்ளறடையில் நேசமணி என்ற பெயர், கிடைத்ததை மட்டுமன்றிக் கிடைக்காமல் போனதையும் சேர்த்தே நினைவுபடுத்துகிறது.