தந்தைக்கு ஒரு சிறை. மகளிர்க்கு ஒரு மடம்

கலீலியோவின் பெயரைக் கேள்விப்படாத மாணவர் நம்மில் எவரும் இலர். சாய்ந்த கோபுரத்து உச்சியிலிருந்து குண்டுகளை விட்டார் என்ற கதையையும், ஊசலின் ஆட்டத்தையும், வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களையும் பள்ளியிலேயே படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறோம். பௌதிகம் பயிலும் நானும் நெடுநாள் அவரை அவ்வளவில்தான் அறிந்திருந்தேன். அவருடைய வரலாற்றை முழுமையாகப் படித்த பிறகே, அந்த வாழ்வில் இரண்டு சிறைகள் இருந்தன என்பது தெரிந்தது. ஒன்று, சமயத் தலைமை அவருக்கு விதித்தது. மற்றொன்று, அவர் தம் பெண்மக்களுக்கு விதித்தது. முதலாவதை உலகம் முழுதும் பேசுகிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பிறந்தார் கலீலியோ. தந்தை வின்சென்சோ இசைவாணர். லூட் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதில் வல்லவர். மகன் மருத்துவனாக வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தை நாடியது. பட்டம் பெறாமலே மருத்துவப் படிப்பை விட்டவர், 1592-இல் பதுவா பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அதற்கு முந்திய ஆண்டே தந்தை இறந்துவிட்டார். குடும்பச் சுமை மூத்த மகனின் தலையில் விழுந்தது. தங்கையரின் சீதனக் கடன் அவரைப் பல்லாண்டுகள் வாட்டியது. பெண்ணைப் பெற்ற வீட்டின் கவலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே காண்கிறோம்.

பதுவாவில் வாழ்ந்த காலத்தில் மரீனா காம்பா என்ற பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அவளை அவர் மணந்துகொள்ளவில்லை. 1600-இல் வெர்ஜீனியாவும், 1601-இல் லிவியாவும், 1606-இல் வின்சென்சோ என்ற மகனும் பிறந்தார்கள்.

1609-இல் ஹாலந்தில் தோன்றிய தொலைநோக்கியைப் பற்றிக் கேள்வியுற்று, தாமே ஒன்றைச் செய்தார். அதனைத் திருத்தித் திருத்திச் சிறப்பாக்கி வானத்தை நோக்கித் திருப்பினார். நிலவில் மலைகள் தெரிந்தன. 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்கள் தெரிந்தன. எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது. அவர் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் அவரைத் தம் அரசவைக் கணித அறிஞராக்கிக்கொண்டார்.

புகழின் உச்சியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் பெண்மக்களின் கதி முடிவாயிற்று. மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள். நல்ல வரன் கிடைக்க வேண்டுமானால் சீதனம் மிகுதியாக வேண்டும். அந்நாளில் வசதியுள்ள குடும்பத்தார்கூடப் பெண்களைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புவது வழக்கம். உரிய வயது வருமுன்னே தம் மக்களைச் சேர்க்கக் கலீலியோ சிறப்பு அனுமதி தேடினார். 1613-இல் பிளாரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஆர்செத்ரி என்னும் குன்றில், சான் மத்தேயோ மடத்துக்குள் இரு சிறுமியரும் சென்றனர். மூத்தவளுக்கு வயது 13, இளையவளுக்கு 12. மகனின் பிறப்புக் குறையையோ 1619-இல் பெருங்கோமகனே நீக்கிவைத்தார். அவன் சட்டம் படித்தான். மணந்து இல்லறம் நடத்தினான். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்! ஆணுக்குத் திறந்த கதவு பெண்ணுக்கு அடைபட்டது.

அம்மடத்தில் நுழைந்தவர் மீண்டும் வெளியே வருவதில்லை. பார்க்க வருவோரிடம் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றே பேச வேண்டும். மடமோ மிக ஏழை மடம்; அரைவயிற்று உணவு, கடுங்குளிர். வெர்ஜீனியா, மரியா செலெஸ்தே என்ற துறவுப் பெயர் பூண்டாள். லிவியா, அர்க்காஞ்சலா ஆனாள். மூத்தவள் தந்தைக்கு எழுதிய கடிதங்களில் 124 இன்றும் கிடைக்கின்றன. மடத்து மருந்தறையில் பணிபுரிந்தாள். தந்தையின் சட்டைக் கழுத்துப் பட்டைகளைத் தைத்துக் கொடுத்தாள். அவருடைய கடிதங்களைத் தெளிவாகப் படியெடுத்தாள். அவர் புதிதாக வெளியிட்ட நூலைத் தானும் படிக்க வேண்டுமென்று கேட்டாள். அவற்றைப் படிக்கும் எவர்க்கும், வெளியே விட்டிருந்தால் இவள் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வி எழாமற் போகாது. இளையவள் அடிக்கடி நோயுற்றாள். மனச்சோர்வும் அவளை வாட்டியது. அவள் எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

தந்தையின் பக்கமும் இருள் சூழ்ந்தது. பூமி சுழல்கிறது என்ற கொள்கையைக் கைவிடுமாறு 1616-லேயே அவர் எச்சரிக்கப்பட்டார். 1632-இல், மூவர் உரையாடும் முறையில் அக்கொள்கையை விளக்கும் பெருநூலை வெளியிட்டார். ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டார். 1633 ஜூன் 22-ஆம் நாள், தம் 69-ஆம் வயதில், சமய நீதிமன்றத்தின்முன் மண்டியிட்டுத் தம் கொள்கையை மறுத்துரைத்தார். நூல் தடைசெய்யப்பட்டது. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் வாரந்தோறும் ஏழு திருப்பாடல்களை ஓத வேண்டும் என்பதும் தண்டனையில் ஒரு பகுதி. அந்தச் சுமையைத் தான் ஏற்றுக்கொண்டு தந்தைக்காக ஓதினாள் மரியா செலெஸ்தே. அவர் ஊரில் இல்லாத காலத்தில் மடத்துக்குள் இருந்தபடியே அவர் வீட்டுக் காரியங்களைக் கவனித்தாள். வீட்டிலிருந்த தாள்களை நண்பர்கள் அகற்றுவதற்குச் சாவி கொடுத்தவளும் அவளே. அடைபட்ட பெண், அடைபடப்போகும் தந்தையைக் காக்கப் பாடுபட்டாள்.

சிறைத் தண்டனை வீட்டுக்காவலாக மாறியது. சியன்னா நகரில் சில மாதங்கள் இருந்தபின், 1633 டிசம்பரில் ஆர்செத்ரி வீட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. மக்களின் அருகில் இருக்க வேண்டுமென்று 1631-இல் அவர் குடிபுகுந்த வீடு அது. மடத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பலரைக் கூட்டிப் பேசக் கூடாது. நகருக்குள் போகக் கூடாது. இப்போது ஒரே குன்றில் தந்தையும் காவலில், மக்களும் காவலில்.

நான்கு மாதங்கூட ஆகவில்லை. மரியா செலெஸ்தே வயிற்றுக்கடுப்பால் படுத்தாள். இனி ஒருநாளும் தாங்காது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு வீடு திரும்பிய கலீலியோவுக்கு, அங்கே சமய நீதிமன்றத்தின் ஆள் காத்திருந்தார். மருத்துவ வசதிக்காகப் பிளாரன்சுக்குப் போக அனுமதி கேட்டு இனி விண்ணப்பிக்கலாகாது. மீறினால் உண்மையான சிறைக்கே போக நேரும் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. 1634 ஏப்ரல் 2-ஆம் நாள் மகள் இறந்தாள். வயது 33.

அந்தத் துயரத்திலிருந்துதான் அவர் தம் கடைசி நூலை எழுதி முடித்தார். பொருள்களின் வலிமையையும் இயக்கத்தின் விதிகளையும் ஆராயும் அந்நூல், இன்று நாம் படிக்கும் இயக்கவியலுக்கு அடிப்படை. அவர் நூல்களை அச்சிட இத்தாலியில் தடை இருந்தமையால், அது நாட்டைக் கடந்து 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சேறியது. அதற்குள் அவருக்கு இரு கண்களும் பார்வை இழந்துவிட்டன. இளைஞர் விவியானி உடனிருந்து உதவினார். இறுதி மூன்று மாதங்களில் தோரிசெல்லியும் வந்து சேர்ந்தார். 1642 ஜனவரி 8-ஆம் நாள் அந்தக் காவல் வீட்டிலேயே கலீலியோ உயிர்நீத்தார். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப ரோமாபுரி இசையவில்லை. 1737-இல்தான் அவர் உடல் சாந்தா குரோச்சே ஆலயத்துப் பெருங்கல்லறைக்கு மாற்றப்பட்டது. அப்போது அவரோடு ஒரு பெண்ணின் எலும்புகளும் கிடைத்தன. அவை மூத்த மகளுடையவை என்று கருதப்படுகிறது. அன்று கல்லில் அவள் பெயர் பொறிக்கப்படவில்லை.

தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து அவர் நூல் 1835-இல் நீங்கியது. 1992-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கலீலியோ விஷயத்தில் நடந்த பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தந்தையின் தீர்ப்பு இவ்வாறு திருத்தப்பட்டது. இளைய மகள் 1659 வரை அந்த மடத்திலேயே வாழ்ந்து மறைந்தாள். அவளுடைய தீர்ப்பைத் திருத்த எவரும் கூடவில்லை. அதைத் தீர்ப்பென்று எவரும் எண்ணவுமில்லை.

இதனால் கலீலியோவின் பெருமை குறைந்துவிடாது. அவர் மக்களை வெறுத்தவர் அல்லர். அன்பும் கவலையும் ஊர் வழக்கமும் சேர்ந்தே அந்தக் கதவைப் பூட்டின. எனக்கு அச்சம் தருவதும் அதுதான். பகைவன் பூட்டினால் உலகம் பார்க்கிறது, வரலாறு எழுதுகிறது. அன்புடையவர் பூட்டினால் அது பாதுகாப்பு என்ற பெயர் பெற்றுவிடுகிறது. நம் நாட்டில் இன்றும் பல கல்லூரிகளில் மாணவர் விடுதிக் கதவு ஒரு நேரத்துக்கும், மாணவியர் விடுதிக் கதவு அதற்கு முன்னேயும் அடைபடுகின்றன. நல்லெண்ணத்தோடுதான் அடைக்கிறார்கள். பூமி சுழல்கிறது என்பதை ஏற்க உலகுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விஞ்ஞானம் பயிலும் நாம், நம் வீட்டுக் கதவுகளைப் பற்றிய உண்மையை ஏற்க அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளலாகாது.