அளந்து கொடுத்த டாக்டர் ஜான் ஸ்நோ

காலராவைத் தடுக்க 1854-ல் லண்டன் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தவர் ஜான் ஸ்நோ. மயக்க மருந்திலும் அவர் முன்னோடிதாங்க! 1813-ல் யார்க் நகரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார்.

1848 ஜனவரியில், கால் நகம் எடுக்க குளோரோஃபார்ம் முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண் சில நிமிஷத்தில் இறந்துபோனாள். விதின்னு விடவில்லை ஸ்நோ. துணியில் ஊற்றிக் கொடுத்தால், எவ்வளவு உள்ளே போகுதுன்னு எப்படித் தெரியும்? ஆவியை அளவோடு செலுத்தும் கருவியை வடிவமைத்தார். தான் மயக்கம் கொடுத்தவர்களைப் பற்றி விடாமல் குறிப்பெழுதினார். குளோரோஃபார்ம் மரணங்களை ஒவ்வொன்றாக அலசிய அவர் நூல், 45 வயசில் அவர் மறைந்த 1858-லேயே வெளிவந்தது.

கேஸ் ஷீட் எழுத சலிச்சுக்கிற தம்பி தங்கைகளே, அந்தக் குறிப்பு நோட்டை நினைச்சுக்குங்க!