கல்லில் மரம் கண்ட பேராசிரியர்

முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக வைத்திருந்த கிளையைப் பார்த்து, 'பைன்' என்று எழுதிவிட்டேன். ஊசிபோல் இலை, கூம்புபோல் காய். வேறு என்னவாக இருக்கும்? அது சவுக்கு! வெம்பக்கோட்டையில் வளர்ந்த நான் பைன் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பட்டாசு ஆலையில் உழைத்துக் கட்டிய கட்டணம் அது. அந்த உறுத்தலோடு நூலகத்தில் தேடியபோது கிடைத்தவரே பீர்பால் சாஹ்னி.

1891 நவம்பர் 14இல், இன்று பாகிஸ்தானிலுள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருச்சிராம், லாகூர் அரசுக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர். விடுமுறைகளில் பிள்ளைகளை இமயமலைக்கு நடைப்பயணம் அழைத்துப் போவார். சீர் பைனில் ஊசியிலைகள் மும்மூன்றாகவும், நீலப் பைனில் ஐவைந்தாகவும் கொத்தாக நிற்கும் மலைகள் அவை. தேவதாருவின் கூம்போ கிளைமேல் நிமிர்ந்திருந்து அங்கேயே உதிரும். சவுக்கின் 'ஊசி' இலையே அன்று; கணுக்கணுவாகக் கழலும் தண்டு. அன்று ஒன்றை இழுத்துப் பார்த்திருக்கலாம்!

1911இல் கேம்பிரிட்ஜ் சென்று, பேராசிரியர் சீவர்டிடம் தொல்தாவரவியல் பயின்றார். 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார்.

இலையும் கூம்பும் இருக்கும்போதே நான் தவறினேன். அவர் கையிலெடுத்ததோ கல்லாகிப்போன வெறுங்கட்டை. அதை மெல்லிய சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சைலக்குழாய்கள் இன்றி டிரக்கீடுகளே நிறைந்திருந்தால் ஊசியிலை மரம் என்று கருத இடமுண்டு. இவ்வகை இந்தியத் தொல்லெச்சங்களை மறுஆய்வு செய்து 1928இலும் 1931இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். நம் திருவக்கரைக் கல்மரமும் அதில் இடம்பெற்றது.

அவர் முடிவுகள் எல்லாமே நிலைக்கவில்லை. இமயத்திலும் வளரும் யூ மரத்திற்குக் கூம்பு கிடையாது. சிவந்த சதைக் கிண்ணத்தில் ஒற்றை விதை. அவ்விதையின் அமைப்பை ஆய்ந்து, யூ இனத்தைத் தனி வரிசையாகப் பிரிக்க வேண்டும் என்று 1920இல் எழுதினார். இன்றைய டி.என்.ஏ. ஆய்வுகள் அதை ஊசியிலை மரங்களோடு மீண்டும் சேர்த்துவிட்டன. ஆனால் அவர் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் பாராமலே எழுதினேன்.

1936இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1949 ஏப்ரல் 3இல், லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனக் கட்டடத்திற்கு நேரு அடிக்கல் நாட்டினார். தொல்லெச்சங்கள் பதித்த கல் அது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10இல், சாஹ்னி மாரடைப்பால் காலமானார். துணைவியார் சாவித்திரி பொறுப்பேற்று நடத்த, 1953இல் கட்டடம் திறக்கப்பட்டது.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குத் திருவக்கரை என்று துறையில் கேட்டிருக்கிறோம்.