கென்னத் ஆண்டர்சன்

கென்னத் டக்ளஸ் ஸ்டுவர்ட் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) இந்தியாவில் பிறந்து வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிவந்த வேட்டையாளரும் எழுத்தாளரும் ஆவார். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளாக மாறிய புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டதற்காகவும், அந்த அனுபவங்களை ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியதற்காகவும் இவர் அறியப்படுகிறார். குமாவுன் மலைப்பகுதியின் ஜிம் கார்பெட்டுடன் (1875–1955) இவரை ஒப்பிடுவது வழக்கம். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகள் இவருடைய எழுத்தில் மிகுதியாக இடம்பெறுகின்றன. மரத்தின் மீது பரண் கட்டி விலங்குக்காகக் காத்திருக்கும் முறையைப் பற்றி இவர் நூல்களில் காணப்படும் செய்திகள், காட்டு விலங்குகளின் நடத்தையை அறிய விரும்புவோருக்கு இன்றும் பயன்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

ஆண்டர்சன் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவருடைய குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்து வந்தது. தந்தை டக்ளஸ் ஸ்டுவர்ட் ஆண்டர்சன் இராணுவக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். காட்டின் மீதும் துப்பாக்கியின் மீதும் மகனுக்கு ஏற்பட்ட ஈடுபாட்டுக்கு அவரே காரணமாக இருந்தார். ஆண்டர்சன் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் படிப்பதற்காக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். ஆயினும் படிப்பை முடிக்காமல் இந்தியா திரும்பினார்.

பணி

முதலில் அஞ்சல் தந்தித் துறையில் சுமார் 15 ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் பெங்களூரில் இருந்த வானூர்தித் தொழிற்சாலையில் (பின்னாளைய இந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனம்) திட்டமிடல் பிரிவின் மேலாளராக இருந்தார். ஆகவே இவர் தொழில்முறை வேட்டைக்காரர் அல்லர். வார இறுதிகளிலும் விடுப்பு நாட்களிலும் தம் செலவிலேயே காட்டுக்குச் சென்றார். காட்டோரங்களில் பல இடங்களில் நிலங்களையும் வாங்கி வைத்திருந்தார்.

வேட்டைக் களங்கள்

பெங்களூரிலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணத்தில் அக்காலச் சேலம் மாவட்டத்தின் காடுகள் தொடங்கின. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள இப்பகுதி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னர் 2004-இல் அதன் வடபகுதி கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. ஜவளகிரியின் பெண்புலி, கும்மளாபுரத்தின் சிறுத்தை, சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை, பனப்பட்டியின் ஒற்றை யானை ஆகியவை பற்றிய இவருடைய கதைகள் இந்நிலப்பரப்பிலேயே நிகழ்கின்றன. நீலகிரியின் அடிவாரத்திலுள்ள சீகூர், வேலூருக்கு அப்பாலுள்ள ஏலகிரி, ஆந்திரத்தின் மாமண்டூர், சாமலா பள்ளத்தாக்கு, மைசூர் மாநிலத்தின் சிமோகா வட்டாரம் ஆகிய இடங்களுக்கும் இவர் சென்றுள்ளார்.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி இவர் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டார் எனக் கூறப்படுகிறது. பெரும்பாலும் 0.405 வின்செஸ்டர் வகைத் துப்பாக்கியைப் பயன்படுத்தினார்.

ஆட்கொல்லி நடமாடும் பகுதியில் ஊரின் வாழ்க்கையே நின்றுவிடும். மாடு மேய்ப்போர், மூங்கில் வெட்டுவோர், விறகு பொறுக்குவோர் எவரும் காட்டுக்குள் செல்ல அஞ்சுவர். கூலியை நம்பிய குடும்பங்கள் பட்டினி கிடக்க நேரிடும். மாலைக்கு முன்பே கதவுகள் அடைக்கப்படும். இவ்வச்சத்தை ஆண்டர்சன் தம் கதைகளில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். மனிதரைத் தாக்கும் விலங்கு இயல்பில் கொடியது அன்று என்பதும், மனிதர் ஏற்படுத்திய காயமோ முதுமையோ இரைப் பற்றாக்குறையோ அதை அந்நிலைக்குத் தள்ளுகிறது என்பதும் இவருடைய கருத்து.

பரண் அமைக்கும் முறை

மரத்தின் மீது கட்டப்படும் வேட்டைப் பரணை வட இந்தியாவில் மச்சான் என்பர். தமிழகத்தில் தினைப்புனம் காப்போர் கட்டும் பரண் மிகப் பழமையானது. சங்க நூல்கள் அதனை இதணம் என்கின்றன. பயிரைக் காக்கும் பரண் விலங்கை விரட்டுவதற்கானது. வேட்டைப் பரணோ விலங்கின் கண்ணில் படாமல் இருப்பதற்கானது. ஆதலால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இதில் முதன்மையான பணியாகும்.

புலியோ சிறுத்தையோ தான் கொன்ற இரையை ஒரே முறையில் தின்று முடிப்பதில்லை. மீதியைத் தின்ன அடுத்த நாள் மாலையிலோ இரவிலோ திரும்பி வருவது வழக்கம். எனவே பரணுக்குரிய இடத்தை வேட்டையாளர் தம் விருப்பப்படி தேர்வு செய்ய இயலாது. இரை கிடக்கும் இடமே அதனை முடிவு செய்கிறது. இரையை நகர்த்தினால் விலங்கு ஐயுற்று விலகிவிடும். அருகில் தகுந்த மரம் இல்லையெனில் பாறை மறைவிலோ, முட்புதரிலோ, தரையில் தோண்டிய குழியிலோ அமர நேரிடும். இது உயிருக்கு ஆபத்தானது. பரணுக்கு ஏற்ற மரம் இருக்கும் இடத்தில் உயிருள்ள எருமைக்கன்றையோ ஆட்டையோ இரையாகக் கட்டி வைப்பது மற்றொரு வழி. ஆனால் மனிதரை மட்டுமே நாடும் ஆட்கொல்லி பல வேளைகளில் இதைத் தொடுவதில்லை. கொல்லப்பட்டவரின் உடலை எடுத்து இறுதிச் சடங்கு செய்ய உறவினர் விரும்புவர். அதை அங்கேயே விட்டால்தான் விலங்கு திரும்பி வரும். அடுத்த உயிரைக் காப்பதற்காக ஒரு குடும்பத்தின் துயரத்தை நீட்டிக்க வேண்டிய இந்நிலை, ஆட்கொல்லி வேட்டையின் மிகக் கடினமான பகுதியாகும்.

மரம் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்கப்படுவன:

உயரம்: பரண் பாய்ச்சலுக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். மிக உயரமானால் கிளைகள் பார்வையை மறைக்கும். சிறுத்தை மரம் ஏறவல்லது ஆதலால் உயரம் மட்டும் பாதுகாப்பாகாது.

பின்னணி: பரணுக்குப் பின்னால் அடர்ந்த தழை இல்லையெனில் அமர்ந்திருப்பவரின் உருவம் வானத்தின் ஒளியில் தெளிவாகத் தெரியும்.

தழை: மறைப்புக்குக் கட்டும் தழை அதே மரத்தினுடையதாகவோ அதைப் போன்றதாகவோ இருப்பது நல்லது. வாடினால் நிறம் மாறும் என்பதால் புதிதாக வெட்டிக் கட்ட வேண்டும்.

நிலவு: நிலவொளி இரையின் மீது விழவேண்டும். பரண் நிழலில் இருத்தல் வேண்டும்.

ஒலி: பரண் கட்டும் வேலை பிற்பகலுக்குள் முடிய வேண்டும். கட்டியவர்கள் உரக்கப் பேசிக்கொண்டு திரும்பிச் செல்வர். அருகில் பதுங்கியுள்ள விலங்கு எல்லோரும் போய்விட்டதாகக் கருதும் என்பது இதன் நோக்கம்.

எறும்பு: முசிறு எனும் செவ்வெறும்பு கூடு கட்டிய மரத்தில் இரவு முழுவதும் அசையாமல் அமர்ந்திருக்க இயலாது.

காற்றைப் பொறுத்தவரை விலங்குக்கு விலங்கு வேறுபாடு உண்டு. மான் வகைகள் மோப்பத்தால் ஆபத்தை உணர்பவை. கடமானோ புள்ளிமானோ வரும் திசையை நோக்கிக் காற்று வீசினால் பரணில் இருப்பவரின் வாடையை அறிந்து அவை ஓடிவிடும். புலியும் சிறுத்தையும் இரை தேடுகையில் கண்ணையும் காதையுமே பெரிதும் நம்புகின்றன. ஆகவே இவற்றுக்காகக் காத்திருப்பவர் காற்றைவிட அசைவின்மையிலேயே கவனம் செலுத்தினர். இருமல், கொசுவை விரட்டும் கை, துப்பாக்கியின் உலோக ஒலி ஆகிய ஒன்றே பல இரவுகளின் உழைப்பை வீணாக்கப் போதுமானது.

ஆண்டர்சன் எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய, கயிற்றுக் கட்டில் போன்ற பரணைப் பயன்படுத்தினார். எனினும் பரணை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஜவளகிரிப் பெண்புலியை, ஆண்புலியைப் போல் குரல் கொடுத்து வரவழைத்துத் தரையிலிருந்தே சுட்டதாக எழுதியுள்ளார்.

காட்டு நண்பர்கள்

பென்னாகரத்தை அடுத்த முத்தூர்ப் பகுதியில் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரி இனத்தவர் இவருடைய நெருங்கிய நண்பர். பென்னாகரம் ரங்கா என்பவரும் பல கதைகளில் துணையாக வருகிறார். தடம் பார்த்தல், மரத்தைத் தெரிவு செய்தல், பறவை, குரங்கு, மான் ஆகியவற்றின் எச்சரிக்கைக் குரல்களைப் பிரித்தறிதல் ஆகியவற்றில் இத்தகையோரின் அறிவே இவருக்கு அடிப்படையாக இருந்தது. அதனை ஆண்டர்சன் மறைக்காமல் எழுதியது குறிப்பிடத்தக்கது.

எழுத்துகள்

ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒற்றை யானை ஒன்றும் எனப் பொருள்படும் இவருடைய முதல் நூல் 1954-இல் இலண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தொடர்ந்து 1957, 1959, 1961, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் காட்டு அனுபவ நூல்கள் வெளிவந்தன. 1976-இல் ஒரு நூல் இவர் மறைவுக்குப் பின் வெளியானது. கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வி இவருடைய கதைகளைக் கன்னடத்தில் தழுவி எழுதினார். அதன்மூலம் கருநாடகத்தில் இவர் பரவலாக அறியப்பட்டார்.

இக்கதைகளில் ஆண்டும் நாளும் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. இதனால் சில நிகழ்வுகளைச் சரிபார்ப்பது கடினம். அமானுடச் செய்திகளும் இவருடைய எழுத்தில் உண்டு. ஆயினும் இடங்கள், ஆற்றோடைகள், வனத்துறை விடுதிகள் பற்றிய வர்ணனைகள் அக்கால நிலவியலை அறிய உதவுகின்றன.

பிற்காலமும் மறைவும்

பிற்காலத்தில் ஆண்டர்சன் துப்பாக்கியைக் குறைத்து ஒளிப்படக் கருவியை நாடினார். காடுகள் அழிவதையும், திருட்டு வேட்டையாலும் நஞ்சு வைப்பதாலும் விலங்குகள் குறைவதையும் கண்டு வருந்தி எழுதினார். இவருடைய வாழ்நாளிலேயே 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. உரிமம் பெற்று மான் முதலியவற்றை வேட்டையாடும் வாய்ப்பும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முடிவுக்கு வந்தது. ஆண்டர்சன் புற்றுநோயால் 1974 ஆகஸ்ட் 30 அன்று பெங்களூரில் காலமானார்.

இவர் நடமாடிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயத்தில் அடங்கியுள்ளன. அதனையடுத்த காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஓசூர்ப் பகுதியில் இவர் பெயரைத் தாங்கிய இயற்கை ஆர்வலர் அமைப்பு ஒன்று காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. இவருடைய மகன் டொனால்ட் ஆண்டர்சனின் நினைவுக் குறிப்புகள் 2018-இல் நூலாக வெளிவந்தன.