ஆல்பிரட் வெர்னர் சரித்திரம்

பேரறிஞர்களின் சரிதங்களை அறிவதால் நமது குடும்பத்துச் சிறுவர் சிறுமியர்க்கு விளையும் நன்மை பெரிது. ஆதலின் உலோகக் கூட்டுப்பொருள்களின் அமைப்பை உலகிற்கு விளக்கிய ரஸாயன சாஸ்திரி ஆல்பிரட் வெர்னரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அல்சேஸ் மாகாணத்து மூலூஸ் நகரில், 1866-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி ஓர் இரும்புத் தொழிலாளியின் மகனாக இவர் பிறந்தார். அப்பொழுது பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1871-ல் ஜெர்மனியின் வசமாயிற்று. செல்வமோ செல்வாக்கோ இல்லாத இவர், ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜூரிச் நகரை அடைந்து கற்று, 1890-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் ரஸாயன அறிஞரை மயங்கச் செய்த புதிர் ஒன்று இருந்தது. கோபால்ட் என்னும் உலோகத்தின் குளோரைடு உப்பு அம்மோனியாவுடன் சேர்ந்து பல நிறப் பொருள்களாகின்றது. ஆறு பங்கு அம்மோனியா சேர்ந்தது மஞ்சள். ஐந்து சேர்ந்தது ஊதா. நான்கு சேர்ந்தது பச்சை. மூன்றிலும் குளோரின் அணுக்கள் மூன்றே. ஆயினும் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றினால் முதலாவதில் மூன்று குளோரினும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதில் ஒன்றுமே வெண்மையாகப் படிகின்றன. எஞ்சியவை ஏன் அடங்கி நிற்கின்றன? கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் யோர்கென்ஸன், அம்மோனியா சங்கிலிபோல் கோத்து நிற்பதாகக் கூறிவந்தார்.

1893-ல் வெர்னர் தமது புதுக்கொள்கையை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. இத்துறையில் தாமாக ஒரு சோதனையும் செய்திலர். உலோக அணு நடுவில் நிற்க, எட்டு முகமும் ஆறு முனையும் உடைய உருவத்தின் முனைகளில் ஆறு துணைகள் அதனைச் சூழ்ந்து நிற்கும் என்பதே அக்கொள்கை. முனையில் பற்றப்பட்ட குளோரின் படியாது; வெளியே நிற்பதே படியும். இக்கொள்கைக்கு அவர் ஆதாரமாகக் கொண்டவற்றுள் பெரும்பாலன, யோர்கென்ஸன் பல்லாண்டு பொறுமையுடன் செய்த சோதனைகளே என்பது கவனிக்கத்தக்கது.

யோர்கென்ஸன் எளிதில் உடன்படவில்லை. நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் உள்ள பொருளில், அவ்விரு குளோரினும் அடுத்தடுத்தோ எதிரெதிரோ நிற்கக்கூடுமாதலால், இரண்டு வகைகள் இருத்தல் வேண்டும். பச்சை வகை கையில் உண்டு. மற்றொன்று எங்கே என்பது அவர் தடை. நேர்மையான தடையே அது. வெர்னர் சினந்து பேசி அதனைத் தள்ளிவிடவில்லை, ஆய்வுசாலையில் உழைத்தார். பதினான்கு வருஷம் கழித்து, 1907-ல், அந்த வகை ஊதா நிறத்துடன் கைக்குக் கிட்டிற்று. அதனை அறிந்த யோர்கென்ஸன் தம் கொள்கையைக் கைவிட்டார். வென்றவரினும் தோற்றவரே இங்கு உயர்ந்து காணப்படுகின்றார் என்று நமக்குத் தோன்றுகின்றது.

1911-ல் தம் மாணாக்கர் விக்டர் கிங் என்பவருடன், வலக்கையும் இடக்கையும்போல் ஒன்றற்கொன்று எதிருருவான கோபால்ட் பொருள்களை வெர்னர் பிரித்துக் காட்டினார். அத்தன்மை கரியணுவுக்கே உரியது என்ற ஐயத்தை, 1914-ல் கரியணுவே இல்லாத பொருளைப் பிரித்து நீக்கினார். இடையே 1913-ல் நோபல் பரிசு அவரை அடைந்தது. ஆயினும் உடல்நலம் குன்றி, 1919 நவம்பர் 15-ந் தேதி தமது ஐம்பத்திரண்டாம் வயதில் ஜூரிச்சில் காலமானார்.

அவர் கொள்கை நூலளவில் நின்றதன்று. பிளாட்டினத்துடன் அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்த பொருளுக்கு இரண்டு வகை அமைவதன் காரணத்தை அவர் 1893-லேயே விளக்கினார். அவற்றுள் ஒன்று 1978 முதல் புற்றுநோய்க்கு மருந்தாகி, எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர் கொடுத்து வருகின்றது.

சபைகளில் எழும் கருத்து வேற்றுமை பகையாய் முடிவதை நாம் கண்டதுண்டு. தடை சொல்பவரை வெறாது, அத்தடைக்கு உழைப்பினால் விடை கூறுவதும், விடை கண்டபின் தயங்காது ஏற்பதுமே அறிவுடையார் வழி. தொழிலாளியின் மகன் ஒருவன் தன் உழைப்பால் எட்டிய உயரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவனை எதிர்த்த பெரியவரின் நேர்மையையும் சேர்த்தே சொல்வோமாக.