நம்ம ஊர்ச் சேர்மன் ராஜாஜி

கருப்பூரில் நாலு வருஷம் படித்த நமக்குச் சேர்வராயன் மலை பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி. லேபுக்குப் போனாலும் மெஸ்ஸுக்குப் போனாலும் அது பார்த்துக்கொண்டே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போய், ஏரிக்கரையில் ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்கினவர்கள்தான் நாமெல்லாம். ஆனால் அந்த மலையடிவாரத்துச் சேலத்தில் பத்தொன்பது வருஷம் வக்கீல் தொழில் பார்த்து, நகராட்சி சேர்மனாகவும் இருந்து, பிற்பாடு டெல்லியில் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்து நண்பர்கள் கேட்டதும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, நம் ராஜாஜி.

பழமைவாதி என்று அவரை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தீர்க்கதரிசி என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. அரசாங்கம் எங்கே கை வைக்கணும், எங்கே கையை எடுக்கணும் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் ஆயுசு பூராவும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் படுகிறது. விடை சில சமயம் சரி, சில சமயம் தப்பு. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறேன்.

அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி. இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு எல்லாமே சேலம் ஜில்லாதான். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900ல் சேலத்தில் வக்கீலாக போர்டு மாட்டினார். அப்போது சேலத்தில் பெரிய தலை என்றால் சி. விஜயராகவாச்சாரியார். 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கி, போராடி வெளியே வந்தவர்; 1920ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். அப்படிப்பட்ட ஊரில் இளம் வக்கீலுக்கு அரசியல் ஒட்டாமல் இருக்குமா? 1911ல் நகராட்சி உறுப்பினர், 1917ல் சேர்மன். அதே காலத்தில் ஈரோட்டில் சேர்மனாக இருந்தவர் பெரியார். ரெண்டு பேரும் சிநேகிதர்களானார்கள். பிற்பாடு அரசியலில் எதிரும் புதிருமாக நின்றும் அந்தச் சிநேகம் கடைசிவரை விட்டுப்போகவில்லை.

சேலம் சேர்மனாக அவர் செய்ததில் ஒரு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. அக்ரகாரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரைப் போட்டார். அவர் பிறந்த சாதிக்காரர்களே கொதித்துப் போனார்கள். அவர் அசையவில்லை. நகராட்சித் தண்ணீர் நகராட்சியின் தண்ணீர். அதைத் திறக்கிற கை யாருடையது என்று கேட்க எந்தத் தெருவுக்கும் உரிமை கிடையாது என்பதுதான் அவர் நிலை. இது 1917-19 காலத்துச் சேலம் என்பதை நினைத்துப் பாருங்கள். பழமைவாதி என்ற சீட்டை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1919ல் சென்னைக்குக் குடிபோனார். காந்தியோடு பழக்கம், ஒத்துழையாமை, வேலூர் ஜெயில். நல்ல வரும்படி வந்த தொழிலை விட்டுவிட்டு, ஐந்து பிள்ளைகள் உள்ள மனுஷர், 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். கதர் நூற்பும் மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே முக்கிய வேலைகள். கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கே அவரோடு இருந்து விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்கு உழைத்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்ததும் இவர் தலைமையில்தான்.

1937ல் சென்னை ராஜதானிக்குப் பிரதமர். அப்போது முதல் மந்திரியைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்த முதல் ஜில்லா எது தெரியுமா? நம்ம சேலம்தான். குடியால் கூலிக்காரன் குடும்பம் எப்படி அழிகிறது என்பதை ஆசிரமத்தில் இருந்தபோது கண்ணால் பார்த்தவர். கள்ளு, சாராய வருமானம் போனால் கஜானா என்னாகும் என்று கேட்டார்கள். அதற்கு 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். எல்லாப் பொருளுக்குமான விற்பனை வரி இந்தியாவிலேயே முதல் முதலாக வந்தது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், மதுவை ஒழிக்க வந்த வரி நிலைத்துவிட்டது. பிற்பாடு வாட், 2017ல் ஜி.எஸ்.டி. என்று பேர் மாறி இன்றைக்கும் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மதுவும் திரும்ப வந்துவிட்டது!

அதே ஆட்சியில்தான் 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாடு எதிர்த்து எழுந்தது. ஜெயிலில் நடராசன், தாளமுத்து என்ற ரெண்டு பேர் உயிர்விட்டார்கள். 1940ல் கட்டாயம் நீக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அதே ராஜாஜி, இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்துப் பேசினார், எழுதினார். மனசை மாற்றிக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் மேலேயிருந்து திணிக்கக் கூடாது என்ற பாடத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்கள்தான்.

1942ல் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் வேண்டாம் என்றார். முஸ்லிம் லீக்கோடு பேசித் தீருங்கள் என்றார். காங்கிரசில் தனிமரமானார். சுதந்திரம் வந்ததும் வங்காளத்துக்குக் கவர்னர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர். 1952ல் மறுபடி சென்னைக்கு முதல்வர். தேர்தலில் நிற்காமல் மேல்சபை நியமனம் வழியாக வந்தார் என்ற குறை உண்டு, நியாயமான குறைதான். வந்த கையோடு உணவுக் கட்டுப்பாட்டை, ரேஷனை எடுத்தார். பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். பதுக்கியிருந்த நெல் கடைக்கு வந்தது.

அடுத்ததுதான் நம்மைப் போன்றவர்களைச் சுடுகிற விஷயம். 1953ல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நாள் பாடம், மீதி நாள் அப்பன் தொழில் என்ற திட்டம் கொண்டுவந்தார். பணம் இல்லை, இருக்கிற வாத்தியாரை வைத்து ரெண்டு ஷிப்ட் நடத்தினால் இன்னும் நிறையப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஊர் அதற்கு வைத்த பேர் குலக்கல்வி. எங்கள் தாத்தா அந்த வருஷம் தாரமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் மூணாங்கிளாஸ். வீட்டில் தறி. பாதி நாள் தறிக்குழியில் உட்கார்ந்த பையன் மறுபாதி நாளுக்குப் பள்ளிக்கூடம் திரும்பியிருப்பானா? தறி அவனை விட்டிருக்குமா? சேலத்துக் குழாயில் சாதியைப் பார்க்காத கண், பள்ளிக்கூடத்தில் தொழிலுக்குள் இருந்த சாதியைப் பார்க்கத் தவறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பு பலத்தது. 1954 ஏப்ரலில் அவர் விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரி என்று எண்ணிப் பார்த்தால் அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

அத்தோடு ஓய்ந்திருந்தால் அவர் ராஜாஜி இல்லை. 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரியில் கூட்டுப் பண்ணை விவசாயத் தீர்மானம் போட்டது. விவசாயி கையிலிருந்து நிலம் நழுவும் என்று ராஜாஜி கண்டார். அதே வருஷம் ஜூன் மாசம், எண்பது வயசில், புதுக் கட்சி அறிவித்தார். அதுதான் சுதந்திரா கட்சி. என்.ஜி. ரங்கா, மினு மசானி கூட நின்றார்கள். எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று ஆகிவிட்டால், திறமைசாலி தொழிற்சாலையை விட்டுவிட்டு செக்ரடேரியட் வாசலில் நிற்பான். ஆபீசரும் மந்திரியும் கெடுவார்கள். கட்சிக்குப் பணம் அங்கிருந்து வரும் என்பது அவர் வாதம். நேரு மேல் மரியாதை வைத்துக்கொண்டே நேருவின் கொள்கையை வாரா வாரம் சுவராஜ்யா பத்திரிகையில் வெட்டினார்.

இது ஏதோ டெல்லி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஏற்காட்டைப் பாருங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், இந்த மலைக்குக் காப்பி வந்தது. 1940ல் யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், விவசாயியைக் காப்பாற்ற எல்லாக் காப்பியையும் ஒரே பூலில் சேர்த்து விற்கிற ஏற்பாடு வந்தது. நல்ல எண்ணம்தான். யுத்தம் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை. சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைச் சொந்தமாக விற்க முடியாது. காப்பி போர்டிடம் ஒப்படைத்துவிட்டு, தவணை தவணையாக வரும் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1992ல் கொஞ்சம் தளர்த்தி, 1996ல்தான் முழுக்க விட்டார்கள். ராஜாஜி சொன்னது போய்ச் சேர அவர் இறந்து இருபத்து நாலு வருஷம் ஆயிற்று. ஆனால் அதையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும்: 2000க்குப் பிறகு உலகச் சந்தையில் காப்பி விலை விழுந்தபோது, தாங்கிப் பிடிக்க பூல் இல்லை. சுதந்திரம் என்றால் விழுகிற சுதந்திரமும் சேர்ந்துதான்.

கட்சி 1962ல் லோக்சபாவில் 18 இடம், 1967ல் 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அந்தத் தேர்தலில் இங்கே தி.மு.க.வோடு கூட்டு. காங்கிரசின் ஏகபோகம் உடைய வேண்டும் என்று, கொள்கையில் வடக்கும் தெற்குமாக இருந்தவர்களோடு கை கோத்தார். 1971ல் கட்சி 8 இடத்துக்குச் சுருங்கியது. அதே வருஷம் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்கப் போகிறது என்றதும், தொண்ணூற்றிரண்டு வயசில், கொட்டுகிற மழையில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் தேதி காலமானார். இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். வியாபாரத்தில் அரசு கையை எடுக்கட்டும் என்றார். சாராயத்தில் அரசு கை வைக்கட்டும் என்றார். முரண்பாடா? அவர் கணக்கில் இல்லை. மனுஷனை அடிமையாக்குவது ஆபீசரின் பேனாவாக இருந்தாலும் சரி, கள்ளுக்கடைப் பானையாக இருந்தாலும் சரி, அவருக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் சாதியும் ஏழ்மையும்கூட மனுஷனைக் கட்டிப்போடும். அந்தக் கட்டை அறுக்க அரசாங்கம்தான் கத்தி எடுத்தாக வேண்டியிருந்தது என்பதை அவர் போதுமான அளவு எடை போடவில்லை.

1966ல் அரசாங்கம் தொடங்கிய கல்லூரியில், அரசாங்கம் வைத்த கொஞ்ச ஃபீஸில் படித்தவன் நான். உருக்காலையிலும் மின்வாரியத்திலும் சம்பளம் வாங்கின சீனியர்கள் நமக்கு உண்டு. அரசு கை கொடுக்காவிட்டால் நாம் இல்லை. இன்றைக்குச் சின்னதாகத் தொழில் நடத்துகிற நம் நண்பர்களைக் கேளுங்கள்: ஒரு கனெக்ஷன் வாங்க, ஒரு அப்ரூவல் வாங்க எத்தனை படி ஏறுகிறார்கள் என்று சொல்வார்கள். அங்கே ராஜாஜி சொன்னது அப்படியே நிற்கிறது.

இந்தக் கூட்டம் முடிந்து குடும்பத்தோடு ஏற்காடு போகிறவர்கள் நிறையப் பேர். தோட்டக்காரர் ஒருவரிடம் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்: பூல் காலம் தேவலையா, இந்தக் காலம் தேவலையா என்று. ஆளுக்கு ஒரு பதில் வரும். அடுத்த சந்திப்பில் அதை வைத்து ஒரு நல்ல விவாதம் நடத்தலாம்.