பக்கவாதத்தில் பிழைப்போமா? பதில் தேட வழிகாட்டிய எகாஸ் மோனிஸ்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையில் சேர்த்ததும் குடும்பத்தார் கேட்பது ஒன்றுதான்: பழையபடி எழுந்து நடப்பாரா, பேசுவாரா? இன்று டாக்டர்களால் இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடிகிறது. மூளையின் ரத்தக் குழாய்களைப் படமாகப் பார்க்க முடிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வழியைத் திறந்தவர் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் எகாஸ் மோனிஸ்.

யார் இவர்?

1874-ல் அவான்கா என்ற ஊரில் பிறந்தார். கோயம்ப்ராவில் மருத்துவம் படித்து, 1911-ல் லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியரானார். நடுவில் அரசியல் வேறு! எம்.பி., ஸ்பெயின் தூதர், 1918-ல் வெளியுறவு அமைச்சர். மூளைப் பட ஆராய்ச்சியைக் கையில் எடுத்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

எப்படிப் படம் பிடித்தார்?

சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும். உள்ளே இருக்கும் ரத்தக் குழாய் தெரியாது. எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஒரு திரவத்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால், அது போகிற பாதையெல்லாம் படத்தில் விழுமே என்று யோசித்தார். செய்வதோ ஆபத்து. முதலில் பயன்படுத்திய ஸ்ட்ரான்சியம் புரோமைடு சரிவரவில்லை. ஒரு நோயாளி இறந்தே போனார். 1927 ஜூன் 28-ல் சோடியம் அயோடைடு கைகொடுத்தது. உயிரோடு இருப்பவரின் மூளைத் தமனிகள் தெளிவாகத் தெரிந்தன.

மோனிஸ் முதலில் தேடியது மூளைக் கட்டிகளைத்தான். ஆனால் 1937-ல், கழுத்துத் தமனி அடைத்துக் கை கால் விழுந்தவர்களைப் பற்றியும் சக டாக்டர்களுடன் சேர்ந்து எழுதினார்.

இன்று என்ன பயன்?

மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை 2015-க்குப் பிறகு பரவலானது. இதற்கு வழிகாட்டுவது ஆஞ்சியோகிராம்தான். கட்டியை எடுத்ததும் ரத்தம் எவ்வளவு திரும்பப் பாய்கிறது என்று 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். தரம் கூடினால் தேறும் வாய்ப்பும் கூடும்.

ஆனா, குழாய் திறந்துட்டாலே எல்லாம் சரியாகிவிடாது. அதற்குள் செத்துப்போன மூளைப் பகுதி திரும்ப வராது. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, எவ்வளவு போய்விட்டது, எவ்வளவு மிச்சமிருக்கு என்று பார்க்கிறார்கள். நோயாளி உண்மையில் எந்த அளவு தேறினார் என்பதைப் பொதுவாக 90 நாள் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

நோபல் எதற்கு?

மோனிஸ் கோட்டைவிட்டது இந்தப் பொறுமையில்தான். மனநோயாளிகளின் முன்மூளை நரம்பு இழைகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையை 1935-ல் தொடங்கினார். 20 பேரைக் குறுகிய காலமே கவனித்துவிட்டு, பலர் குணமானதாக அறிவித்தார். 1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஆஞ்சியோகிராமுக்காக அல்ல, இதற்காகத்தான். அந்த அறுவை சிகிச்சை பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்யப்பட்டது, பலர் நடைப்பிணமானார்கள். பரிசைத் திரும்பப் பெறச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் பின்னாளில் குரல் எழுப்பினார்கள்.

1955-ல் மோனிஸ் லிஸ்பனில் காலமானார். பரிசு வாங்கித் தந்த அறுவை சிகிச்சை வழக்கொழிந்தது. பரிசு பெறாத ஆஞ்சியோகிராம் இன்றும் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.